இறக்கத்தில் விட்ட கார்

எங்கள் தேயிலை மலையில் வண்டி நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. வண்டியின் மூஞ்சி பள்ளத்தைப் பார்த்திருக்க வேண்டும். முன் சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக்கொடுக்க வேண்டும். தோட்டத்து லொறி, துரையின் ஜீப், கொழுந்து ஏற்றும் டிராக்டர், லிந்துலையிலிருந்து மரக்கறி வாங்க வரும் வேன், எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். காலைக் குளிரில் என்ஜின் விறைத்துப்போய் முரண்டு பிடித்தால் கல்லை எடுத்துவிட்டு நாலு பேர் தள்ளுவார்கள். உருளுகிற வேகத்தில் டிரைவர் கியரைப் போடுவார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கறுப்பாய்ப் புகை கக்கிக்கொண்டு எழும்பிவிடும். நான் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த தொண்ணூறுகளில், பேட்டரி செத்துப்போன ஒரு லொறி ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே ஓடியது. அதில் ஏறித்தான் நாங்கள் தேர்த் திருவிழாவுக்குப் போனோம்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சைக்கிளை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினாலும் அது அங்கேயே நிற்கிற ஊரில் பிறந்தவர். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தார். கீழ் வகுப்பு டீச்சராக இருந்த என்னிடம் மாட்டிக்கொண்டார். அவர் பேசுகிற தமிழுக்கு நான் சிரிப்பேன், நான் பேசுகிற தமிழுக்கு அவர் சிரிப்பார். மற்றபடி எங்களுக்குள் சண்டை குறைவு. கல்யாணமாகி வந்தபின் நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், வண்டி என்று ஒன்று வாங்கினால் அதன் மூஞ்சி பள்ளத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதுதான்.

யுத்தம் முடிந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த வருஷம் அவர் ஒரு கார் வாங்கினார். ஜப்பானில் யாரோ ஓட்டிப் பழசாக்கிய வண்டி. பாதி பெற்றோலில் ஓடும், பாதி கரண்டில் ஓடும். ஹைபிரிட் என்று அவர் சொல்வார். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் அதற்குக் ‘கரண்டு காரு’ என்று பேர் விழுந்துவிட்டது. இதை எந்த பிளக்கில் குத்துவது என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எங்கும் குத்தத் தேவையில்லை, ஓடும்போது அதுவே தனக்குக் கரண்டு சேர்த்துக்கொள்ளும் என்று அவர் விளக்குவார். ஆண்டவன் அவருக்கு வாயை வைத்ததே விளக்குவதற்குத்தான். ஒருநாள் மைதானத்தில் காரை நிறுத்தி, முன் மூடியைத் திறந்து, பாதித் தோட்டத்துக்கு வகுப்பு எடுத்தார். உள்ளே ஓடுகிற ஒரு தடித்த செம்மஞ்சள் வயரைக் காட்டி, “உதிலை மட்டும் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. நூறு வோல்ற்றுக்கு மேலை. தொட்டால் ஆள் கரிதான்” என்றார். பள்ளிக்கூடத்தில் அவர் சொன்ன எதையும் எங்கள் ஆட்கள் இவ்வளவு பத்திரமாக நினைவில் வைத்துக்கொண்டதில்லை.

அந்த மார்கழி விடுமுறைக்கு அவர் யாழ்ப்பாணம் போனார். பாதை மோசம் என்று காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போனார். விடுமுறை முழுக்க கார் எங்கள் குவாட்டஸ் வாசலில், முறைப்படி பள்ளத்தைப் பார்த்து, கல் முட்டுக்கொடுத்து நின்றது. விடியற்காலையில் அதன் கூரையில் பனி வெள்ளையாக உறைந்திருக்கும். நான் தினமும் துடைப்பத்தால் தட்டிவிடுவேன். அதற்குமேல் அந்த வண்டியோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அவர் திரும்பி வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் காருக்குள் எதையோ தேடப் போனார். சாவியில் உள்ள பொத்தானை அமுக்கினால் நாலு மூலை விளக்கும் பளிச்சென்று மின்னும். அன்று மின்னவில்லை. உள்ளே யாரோ இருமுவதுபோல ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது.

“ஏங்க, அதுக்கு என்னமோ ஆயிருச்சு” என்றேன்.

“குளிருக்கு. நாளைக்கு வெயில் பட்டால் சரிவரும்” என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தச் சத்தம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமை. பனி விலகி, பல்லை இளித்துக்கொண்டு வெயில் வந்திருந்தது. நான் முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மேல் மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களின் பேச்சு வழக்கம்போல் காற்றில் வந்துகொண்டிருந்தது. திடீரென்று பேச்சு நின்றது. பிறகு ஒரே கூச்சல். “குளவி! குளவி!”

தோட்டத்தில் பிறந்தவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். நிழல் மரத்தில் கூடு கட்டியிருக்கும். பருந்து கொத்தினாலோ காற்றில் கிளை முறிந்தாலோ கூட்டமாக இறங்கும். கீழே குனிந்து பறிக்கிறவர்களுக்கு ஓட வழி இருக்காது. இடுப்பு உயரத்துக்குத் தேயிலை, முதுகில் கூடை, காலில் வழுக்கல். பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு சரிவில் விழுந்து எழுந்து ஓடிவந்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்று மேல் மலையில் பறித்த என் தங்கச்சியின் முகம் இல்லை.

அவள் கடைசியாக வந்தாள். வழுக்கி விழுந்தவளைத் தூக்கிவிடப் போய் இவள் மாட்டிக்கொண்டாளாம். தலையிலும் கழுத்திலும்தான் அதிகம். கொட்டிய இடமெல்லாம் யாரோ சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். அவள் புருஷன் தோட்டத்து லொறி டிரைவர். கராஜிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்து நடத்திவந்தார்.

“அக்கா, மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிருச்சா?” என்றாள். அந்த நிலையிலும் சிரித்தாள்.

“முந்தி மட்டும் என்ன வாழுச்சாம்?” என்றேன். என் வாய் அப்படி. ஆனால் அவள் கழுத்தில் எத்தனை கொட்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். முன்பு ஒரு தடவை, பக்கத்துத் தோட்டத்தில், கொட்டு வாங்கிய ஒரு ஆள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. மருந்து கொடுக்கிறவர் அன்று அடுத்த டிவிசனுக்குப் போயிருந்தார். லொறி கியர் பெட்டி கழற்றப்பட்டு கராஜில் கிடந்தது. டிராக்டர் கொழுந்தோடு பெக்டரிக்குப் போய்விட்டது. எல்லாருடைய கண்ணும் எங்கள் வாசலுக்குத் திரும்பியது. தங்கச்சியைப் பின் சீட்டில் படுக்கவைத்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார்.

விளக்குகள் ஒருமுறை மங்கலாக எரிந்தன. டிக் டிக் டிக் என்று பல்லி கத்துவதுபோலச் சத்தம். பிறகு எல்லாம் அணைந்துவிட்டது.

மறுபடி திருப்பினார். டிக் டிக். மறுபடி. இப்போது அந்தச் சத்தமும் குறைந்தது.

“பேட்டரி போயிருச்சா சேர்?” என்றார் தங்கச்சி புருஷன்.

“இல்லைத் தம்பி. விளக்கு எரிஞ்ச நேரம் பாத்தனான். பற்றரி முக்கால்வாசிக்கு மேலை காட்டுது. உது வேறை என்னவோ.”

அவர் சொன்னது பொய்யில்லை. நானும் பார்த்தேன், அந்தச் சின்னப் படத்தில் கட்டங்கள் முக்கால்வாசி நிறைந்திருந்தன. அதனால் பேட்டரியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். எங்கள் மலையில் முதல் குற்றவாளி எப்போதும் ஈரம்தான். “பனி எறங்கிருச்சு” என்றார் ஒரு கங்காணி. முன் மூடியைத் திறந்து, அந்தச் செம்மஞ்சள் வயருக்குப் பயந்து எட்ட நின்றே, துவாயால் ஒத்தி எடுத்தார்கள். யாரோ லயத்திலிருந்து கரித்துண்டுத் தணலைத் தகரத்தில் கொண்டுவந்து என்ஜினுக்குக் கீழே காட்டினார்கள். பெற்றோல் டாங்கின் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார்கள். சாவியைச் சட்டையில் தேய்த்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்கள். டிக் என்று ஒரே ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை.

என் மடியில் தங்கச்சியின் தலை சூடாகிக்கொண்டே வந்தது. உதடு தடித்துவிட்டது. முதலில், வண்டியைச் சுற்றி நிற்கிற ஆம்பளைகளை ஒவ்வொருத்தராகக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள்.

“தொண்டையில என்னமோ அடைக்கிற மாதிரி இருக்குக்கா.”

“தண்ணி குடிக்கிறியா?”

“வேணாம். எறங்காது.”

அதைக் கேட்டதும் நான் கத்திவிட்டேன். “என்னத்த நோண்டிக்கிட்டு இருக்கீங்க? யாராச்சும் ஒரு வழி பண்ணுங்க!”

என் வீட்டுக்காரர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடினார். அங்கே ஒரு பாறையின் மேல் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். லிந்துலையில் தெரிந்த ஒருவரின் வேனைக் கூப்பிடப் போனார். அது இழுவை குறைந்த பழைய வேன், தோட்டத்துப் பாதை அதற்குச் சரிவராது. மெயின் ரோட்டுச் சந்தி வரைக்கும்தான் அது வரும்.

அவர் போன பிறகு எல்லாரும் ஒரே நினைப்புக்கு வந்தார்கள். யார் முதலில் சொன்னது என்று எனக்கு ஞாபகமில்லை. யாரும் சொல்லத் தேவையும் இல்லை. வண்டி பள்ளத்தைப் பார்த்து நிற்கிறது. முன்னால் இறக்கம் இருக்கிறது. இதற்குத்தானே இப்படி நிறுத்துவது?

“தள்ளிவிட்டா எந்திரிக்காத வண்டி எங்க இருக்கு” என்றார் தங்கச்சி புருஷன். அவர் துரையின் ஓட்டோ கியர் ஜீப்பை ஓட்டியவர். கியர்க் கட்டை நகராமல் மாட்டிக்கொண்டால் பக்கத்திலுள்ள சின்ன மூடியைக் கிளப்பி, உள்ளே ஸ்க்ரூ டிரைவரை விட்டு அமுக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். டிரைவர் சீட்டில் ஏறி அப்படியே செய்தார். கட்டை நகர்ந்தது. கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன்.

தள்ள வந்தவர்கள் மட்டும் தயங்கினார்கள். தகரத்தில் கரண்டு இருக்குமோ என்று பயம். கடைசியில் கொழுந்துச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தள்ளினார்கள். ஒருவர் கல்லை எடுத்தார்.

கார் நகர்ந்தது. சத்தமே இல்லாமல் நகர்ந்தது. கற்கள் சக்கரத்தில் நெரிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேகம் பிடித்ததும் தங்கச்சி புருஷன் கட்டையை இழுத்துப் போட்டார். லொறியென்றால் அந்த இடத்தில் ஒரு குலுக்கு வரும். நாங்கள் அந்தக் குலுக்குக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. மறுபடி இழுத்துப் போட்டார். ஒன்றுமில்லை. அந்த மாதிரிக் காருக்கு அப்படி ஒரு எழும்புதலே கிடையாது என்று எங்களுக்கு யார் சொல்லியிருந்தார்கள்? மலை முழுக்க உருட்டினாலும் அதன் என்ஜின் திரும்பியே பார்க்காதாம்.

முதல் வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தார். பிடித்தது. இரண்டாவது மிதிக்கு இறுகியது. மூன்றாவது மிதிக்குக் கல்லாகிவிட்டது.

“பிரேக்கு மிதிபடல” என்றார். கத்தவில்லை. அடிக்குரலில் சொன்னார். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஸ்டேரிங்கும் முரண்டு பிடித்தது, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து வளைத்தார். இடது பக்கம் ஓடைப் பள்ளம். அதன் ஆழம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஆடு விழுந்தால் எட்டிப் பார்ப்போம். நான் கண்ணை மூடிக்கொண்டு தங்கச்சியை அமுக்கிப் பிடித்தேன். எங்களை இந்த வண்டியில் ஏற்றிய எல்லாரையும் மனதுக்குள் திட்டினேன்.

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை வலது பக்கத்து மேட்டோரமாகச் சரித்தார். தேயிலைச் செடிகள் கண்ணாடியில் வந்து அறைந்தன. மடமடவென்று வாது முறிகிற சத்தம். கார் நின்றுவிட்டது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த அமைதியில் தங்கச்சி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“வண்டி ஸ்டாட் ஆயிருச்சா?”

அவள் புருஷன் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. “ஆயிருச்சு புள்ள. போயிக்கிட்டுதான் இருக்கோம்” என்றார்.

மேலேயிருந்து ஆட்கள் கம்பளியோடு ஓடிவந்தார்கள். கம்பளியின் இரண்டு முனையையும் மூங்கிலில் முடிந்து, அவளைத் தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுபோலப் போட்டுத் தூக்கினார்கள். தோட்டத்து ஆட்கள் அந்தக் காலத்திலிருந்து நோயாளியைத் தூக்கிப்போகும் விதம் அது. முதலிலேயே அப்படித் தூக்கியிருந்தால் என்று நான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் வாசலில் கார் நிற்கும்போது யாருக்குக் கம்பளி ஞாபகம் வரும்? குறுக்கு வழியாக ஓடினோம். சந்தியில் வேன் நின்றது. லிந்துலைக்குப் போகிற வழியிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது. என் கைக்குள் நின்றது. ஆஸ்பத்திரியில் அதைச் சொல்வதற்கு மட்டும் ஒரு டாக்டர் தேவைப்பட்டார்.

துக்கம் முடியும்வரை கார் தேயிலைக்குள்ளேயே கிடந்தது. யாரும் அதற்குக் கிட்டே போகவில்லை. கரண்டு கார் ஒரு உயிரைக் காவு வாங்கிவிட்டது என்றார்கள். அதற்குச் சேவல் அறுக்க வேண்டும் என்று ஒரு கட்சி, கொளுத்த வேண்டும் என்று ஒரு கட்சி. நான் கொளுத்துகிற கட்சி. என் வீட்டுக்காரர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவார். தங்கச்சி புருஷன் தினமும் கராஜுக்குப் போய், கியர் பெட்டி இல்லாத லொறிக்குள் ஏறி உட்கார்ந்திருப்பார் என்று சொன்னார்கள்.

கருமாதி முடிந்த பிறகு நுவரெலியாவிலிருந்து வண்டி திருத்துகிற ஒரு பாஸை வரவழைத்தோம். அவர் சிங்களவர். மரக்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் வேலைத்தலம் வைத்திருந்ததால் தமிழும் விளங்கும். தன் சின்ன வேனிலேயே வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார், சாவியைத் திருப்பிப் பார்த்தார், சிரித்தார். சிங்களத்தில் அவர் சொன்னதை நான் என் வீட்டுக்காரருக்குத் தமிழில் சொன்னேன். இந்தக் காரில் பேட்டரி இரண்டு. படத்தில் காட்டுவது பெரியதை. அதில் ஒரு குறையும் இல்லை. சின்னது ஒன்று இருக்கிறது, மற்றக் கார்களில் இருப்பது போலத்தான். நாள் கணக்காக நின்றதில் அது செத்துவிட்டது. வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கிறது, கதவைத் திறக்கிற சாவிதான் தொலைந்துவிட்டது.

சொல்லிக்கொண்டே தன் வேனை உரசினாற்போல் கொண்டுவந்து நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயரை எடுத்து எங்கள் காரில் மாட்டினார். அவர் மாட்டி முடித்தபோது, நான் கொடுத்த தேத்தண்ணிகூட ஆறவில்லை. சாவியைத் திருப்பினார்.

கார் உடனே எழும்பிவிட்டது. நல்ல பிள்ளைபோல, மெல்லிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

நான் தலையைத் தூக்கியபோது பாதையில் தங்கச்சி புருஷன் நின்றுகொண்டிருந்தார். மொட்டைத் தலையில் துண்டு கட்டியிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவர் காரைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு வயரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்ட வந்தார்.

“சேர், அன்னைக்கி கராஜில என் லொறி சும்மாதான் நின்னுச்சு. அதுல பேட்டரி இருந்துச்சு. ஒன்னக் கழட்டியாந்து இப்புடி வயர் குடுத்திருந்தா இது எந்திரிச்சிருக்குமா?”

அன்று அவருக்கு அது தோன்றவில்லை. எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இறக்கம் இருக்கிற இடத்தில் வயரை யார் தேடுவார்கள்?

என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கறியில் உப்பு கூடினால், விருந்தாளி முன்னாலேயே கூடிவிட்டது என்று சொல்கிற ரகம். பிள்ளைகள் எழுதிய பிழையான விடைக்கு அரைப் புள்ளிகூடப் போடமாட்டார். அவர் திறந்திருந்த என்ஜினையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இல்லைத் தம்பி” என்றார். “எழும்பியிராது. லொறிப் பற்றரி உதுக்குச் சரிவராது.”

குனிந்து வேலை செய்துகொண்டிருந்த பாஸ் சட்டென்று நிமிர்ந்தார். அவருக்குத் தமிழ் விளங்கும் என்று சொன்னேனே. அவர் வாயைத் திறந்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

“பாஸ் உன்னெஹே, தே பொமுத?” என்றேன். தேத்தண்ணி குடிப்போமா என்று. அவர் பாதி குடித்த கோப்பை காரின் மேலேயே ஆவி பறக்க இருந்தது. அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மொட்டைத் தலையோடு நிற்கிற அந்த மனுஷனைப் பார்த்தார். “ஹா, பொமு” என்று கோப்பையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

தங்கச்சி புருஷன் மீசை முளைத்த நாளிலிருந்து லொறியோடு கிடக்கிறவர். எந்த பேட்டரி எதற்குச் சரிவரும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் என் வீட்டுக்காரரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். இவர் கண்ணை எடுக்கவில்லை.

“அப்ப சரிங்க சேர்” என்றார். திரும்பிப் போகிறவர்போல இரண்டடி வைத்தார். நின்றார். கார் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

“அதக் கொஞ்சம் நிப்பாட்டிருங்க சேர். அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நிக்க முடியல.”

என் வீட்டுக்காரர் காருக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார்.